மோர் குடித்த கறிவேப்பிலை

அத்தை மகன் கோவில்பட்டியிலிருந்து கூப்பிட்டான். என்னைவிட ஆறு வயது இளையவன். மதினி என்றுதான் அழைப்பான். வழக்கமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் எங்களுக்குள் பேச்சு. இது இரண்டும் இல்லாத ஓர் ஆனி மாதத்து மத்தியானம்.

"மதினி, சுகருக்கு வாரம் ஒருக்கா போடுத ஊசி ஒண்ணு இருக்காம்லா. ஒடம்பு எளைக்கதுக்குக்கூடப் போடுதாகளாம். அதப் போட்டா குடியும் தன்னால விட்டுப் போகும்னு சொல்லுதாக. நெசமா?"

"யாருக்குக் கேக்க?"

"ஒரு ஆளுக்கு. தெரிஞ்ச ஆளு."

அவனுக்குப் பின்னால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் நின்றுதான் பேசுகிறான். வேகும் ரப்பரின் வாசனை போன் வழியாக வராது என்று தெரியும். எனக்கு வந்தது.

மாமாவின் டயர் ரீட்ரேடிங் பட்டறை அது. பட்டன் தேய்ந்து வழுக்கையாகிப் போன லாரி டயர்கள் வாசலில் அடுக்கிக் கிடக்கும். மேல்தோலை உரசி எடுத்து, பசை தடவி, புது ரப்பர்ப் பட்டையைச் சுற்றி அச்சுக்குள் வைத்து வேகவைப்பார்கள். கோடை விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். கந்தகமும் ரப்பரும் சேர்ந்து வேகிற அந்த நெடி மாமாவின் சட்டையில், தலைமுடியில், அவர் எடுத்துத் தரும் ஐந்து பைசாவில்கூட இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அந்த நெடியை இன்னொரு நெடி மூடிவிடும். 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மதுவிலக்கு தளர்ந்து சாராயக்கடைகள் திறந்திருந்தன. பட்டறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு புளியமரம்தான் தூரம்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அத்தை ஒரு வேலை கொடுத்தாள். அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்தாள். "டம்ளர் அடியால நுணுக்கு. மாவாயிரணும். மாமாகிட்ட மூச்சு விடக் கூடாது." நுணுக்கினேன். உப்பும் பெருங்காயமும் போட்ட மோரில் அதைக் கலக்கி, எவர்சில்வர் செம்பில் ஊற்றி மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம் என்று அந்த நாளில் சுவரெல்லாம் விளம்பரம் இருக்கும். அத்தைக்கு மாத்திரையைக் கொடுத்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மாத்திரையின் பெயரை அவர் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை.

நான்காம் நாள் ராத்திரி மாமாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று கிடந்தன. நெஞ்சு துடிப்பது சட்டைக்கு மேலே தெரிந்தது. குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. சாராயத்தில் கலப்படம் என்றார் ஒருவர், காத்துக் கருப்பு என்றார் இன்னொருவர். ஆஸ்பத்திரியில் டாக்டர், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?" என்று கேட்டார். முந்தானை நுனியைக் கடித்தபடி வாசல்படியில் நின்ற அத்தை பதில் சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நானும் சொல்லவில்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். பிழைத்தது அதிர்ஷ்டம் என்று பத்து வருஷம் கழித்து, மருந்தியல் படிக்கப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டேன். பாடப்புத்தகத்தில் டைசல்ஃபிராம் என்ற தலைப்புக்குக் கீழே அந்த ராத்திரி அப்படியே வரிவரியாக எழுதியிருந்தது. சிவந்த முகம், படபடப்பு, வாந்தி, இரத்த அழுத்தம் சரிதல், சிலருக்குச் சாவு. சாராயம் உடம்புக்குள் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறும். அதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி உடனே உடைத்துத் தள்ளிவிடும். இந்த மருந்து அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. நஞ்சு தேங்குகிறது. நோயாளிக்குச் சொல்லாமல் ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்று கீழே தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பக்கத்தில் அந்த மருந்தின் கதை. ஒரு வரிதான், ஆனால் அந்த வரியில் மாமாவின் பட்டறை இருந்தது. ரப்பரை வேகமாக வேகவைக்கச் சேர்க்கும் தையூரம் வகை ரசாயனங்களில் ஒன்றுதான் டைசல்ஃபிராம். 1937இல் அமெரிக்காவில் ஒரு ரப்பர் தொழிற்சாலை மருத்துவர், இந்த வகை ரசாயனத்தில் புழங்கும் தொழிலாளர்கள் குடித்தால் முகம் சிவந்து தவித்துப் போகிறார்கள் என்று கவனித்து எழுதினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாக்கப்சன் என்ற இருவர் இதே பொருளைக் குடற்புழுவுக்கு மருந்தாக்கலாமா என்று பார்த்தார்கள். முதலில் தாங்களே விழுங்கிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். விழுங்கிய நாட்களில் பீர் குடித்தால் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே தொந்தரவு என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. 1948இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ரப்பரில் பிறந்த மருந்து, புழுவுக்கென்று வளர்ந்து, குடிக்கு வாக்கப்பட்டது.

டயருக்குப் பட்டை ஒட்டுகிறவருக்கே அந்தக் குடும்பத்து மருந்து. மாமாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவர் நல்ல சிரிப்புக்காரர்.

டைசல்ஃபிராம் வேலை செய்வது கல்லீரலில். மூளைக்கு அது அனுப்பும் சேதி பயம் ஒன்றுதான். குடித்தால் சாவாய் என்று மிரட்டுமே தவிர, குடிக்கும் ஆசையைத் தொடாது. ஆசை எங்கே இருக்கிறது என்று மாமா ஒருமுறை சொன்னார். நான் கல்லூரிக்குப் போய்விட்ட சமயம். காலையில் அவர் கை நடுங்கும். தேத்தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாலும் சிந்தும். "நாக்கு கேக்கல மருமவளே. மண்டைக்குள்ள ஒருத்தன் உக்காந்து மணி அடிக்கான். ஆறு ஆச்சுன்னா அடிக்கான். நான் எந்திரிச்சுப் போயி கதவத் தொறந்துவிட்டாத்தான் நிறுத்துதான்."

மாமா சொன்ன அந்த மணிக்காரனை 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் ஏறக்குறைய கையும் களவுமாகப் பிடித்திருந்தார்கள். எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, ஒரு நெம்புகோலை அழுத்தினால் அந்த இடத்தில் மின்சாரம் தொடும்படி வைத்தார்கள். எலி ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. மூளையில் "இன்னொரு தடவை" என்று சொல்லும் ஒரு பாதை இருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. டோபமின் ஓடும் அந்தப் பாதையில் சாராயமும் நடக்கிறது என்பது பின்னால் தெரிந்தது.

சாராயம் மூளைக்குள் எண்டார்ஃபினைச் சுரக்க வைக்கிறது. அபினின் தங்கை மாதிரி, உடம்பே தயாரிக்கும் சரக்கு அது. அபின் போதைக்கென்று உருவாக்கிய நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரை, எண்டார்ஃபின் போய் உட்காரும் நாற்காலியில் முன்னாலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஃபிலடெல்ஃபியாவில் ஜோசஃப் வால்பிசெல்லி முதலில் எலிகளிலும், பிறகு முன்னாள் படைவீரர்களான 70 ஆண்களிடமும் இதைச் சோதித்தார். 1992இல் வெளிவந்த அந்தக் கட்டுரையில் ஓர் எண்ணிக்கை எனக்கு மனப்பாடம். ஆய்வின் நடுவே ஒரு வாய் குடித்துவிட்டவர்களில், வெற்று மாத்திரை சாப்பிட்ட 20 பேரில் 19 பேர் பழையபடி முழுக்குடிக்குப் போனார்கள். நால்ட்ரெக்சோன் சாப்பிட்ட 16 பேரில் 8 பேர்தான் போனார்கள். முதல் வாயை அந்த மாத்திரை தடுக்கவில்லை. முதல் வாய் இரண்டாவதைக் கூப்பிடும் குரலைத்தான் தணித்தது. 1994 கடைசியில் அமெரிக்காவில் குடிக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. டைசல்ஃபிராமுக்குப் பிறகு நாற்பது சொச்சம் வருஷம் கழித்து வந்த அடுத்த மருந்து அதுதான். மாமா குடித்த ஆண்டுகளில் பெரும்பகுதி அந்த நாற்பதுக்குள்தான் கிடக்கிறது.

காலைக் கைநடுக்கத்துக்கு வேறு கணக்கு. லாரிக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். மூளைக்கு காபா ஒரு பிரேக், குளுட்டமேட் ஒரு ஆக்ஸிலேட்டர். சாராயம் தினமும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், வண்டி நின்றுபோகாமல் இருக்க மூளை ஆக்ஸிலேட்டரைக் கூட்டிவைக்கும். திடீரென்று குடியை நிறுத்தினால் பிரேக்கிலிருந்து கால் எடுபடுகிறது, ஆக்ஸிலேட்டர் அப்படியே நிற்கிறது. கை நடுங்கும், தூக்கம் போகும், சிலருக்கு வலிப்பு வரும், சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்துவார்கள். நெடுநாள் குடிகாரரை வீட்டில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. மருத்துவமனையில் சேர்த்து, பிரேக்கை மெதுவாக விடும் மருந்தும் தயமின் ஊசியும் கொடுத்துத்தான் இறக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் மிச்சமிருக்கும் பதற்றத்துக்கு பிரான்சிலிருந்து அகாம்ப்ரோசேட் வந்தது. ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை. குடிக்கிற கணக்கையே மறந்தவருக்கு ஆறு மாத்திரையின் கணக்கு!

ஒலிவியே அமைசன் என்ற பிரெஞ்சு இதயநோய் மருத்துவரை இங்கே நினைத்துக்கொள்வேன். நியூயார்க்கில் தொழில் செய்தவர், குடியில் விழுந்தவர். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பாக்லோஃபென் மாத்திரையைத் தனக்குத்தானே கொடுத்து, அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, ஆசை அடங்கிவிட்டது என்று 2005 வாக்கில் தன்னையே நோயாளியாக வைத்துக் கட்டுரை எழுதினார். அதைப் படித்தவர்கள் கேட்டுக் கேட்டு, 2018இல் பிரான்ஸ் அளவு வரம்போடு அனுமதித்தது. மற்ற இடங்களில் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கோபன்ஹேகன்காரர்கள் விழுங்கினார்கள், அமைசன் விழுங்கினார். மூவருக்கும் தாங்கள் விழுங்குவது என்ன என்று தெரியும். எங்கள் வீட்டில் மோரில் மாத்திரை இருப்பது தெரிந்தது அத்தைக்கும் எனக்கும்தான். விழுங்கியவர் மாமா.

படிப்பு முடிந்து நான் போய்ச் சேர்ந்த வேலையும் தெரியாமல் கொடுக்கிற வேலைதான். புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளர். எந்தப் புட்டியில் மருந்து, எதில் வெறும் மாவு என்று வாங்குபவருக்கும் தெரியாது, கொடுக்கும் எனக்கும் தெரியாது. எண் மட்டும் இருக்கும். முதல் நாள் புட்டியை நீட்டியபோது கை கொஞ்சம் தயங்கியது. ஒரே ஒரு வித்தியாசம்: எதிரே இருப்பவர் முப்பது பக்க ஒப்புதல் படிவத்தைப் படித்து, அல்லது படிக்கக் கேட்டு, கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டிருப்பார். தனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

குடி ஆய்வு ஒன்றில் என் முக்கியக் கருவி மருந்தல்ல, ஒரு நாட்காட்டித் தாள். லிண்டா சோபெல், மார்க் சோபெல் தம்பதி உருவாக்கிய முறை. போன மூன்று மாதத்தை விரித்துவைத்து, ஒவ்வொரு நாள் கட்டத்திலும் எவ்வளவு குடித்தீர்கள் என்று பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். நினைவுக்குப் பிடிமானமாகப் பண்டிகை, சம்பள நாள், சாவு, கல்யாணம். ஆடிப்பெருக்கில் ஆரம்பித்து, மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போய், லோடு ஏற்றாமல் நின்ற மூன்று நாளில் நிற்போம். அளவு பேசுவது கட்டிங், குவார்ட்டர், ஆஃப் என்று. ஒரு குவார்ட்டர் 180 மில்லி; நூற்றுக்கு நாற்பத்திரண்டு சொச்சம் சாராயம்; எடைபோட்டால் ஏறக்குறைய 60 கிராம். பத்து கிராமை ஓர் அலகு என்று வைத்தால் ஆறு அலகு. "ஒரே ஒரு குவார்ட்டர்தான்மா" என்பவர் கட்டத்தில் நான் 6 என்று எழுதுவேன். அந்த எண்ணைப் பார்த்ததும் பலர் வாயடைத்துப் போவார்கள். திட்டாமல், அழாமல், ஒரு மனுஷி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகக் கேட்பது அவர்களில் பலருக்கு அதுதான் முதல் தடவை.

2006இல் அமெரிக்காவில் 11 மையங்களில் 1,383 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தபோது இது எனக்கு உறைத்தது. நால்ட்ரெக்சோன் உதவியது, அகாம்ப்ரோசேட் அங்கே எடுபடவில்லை. ஆனால் வெற்று மாத்திரை வாங்கிக்கொண்டு, தவறாமல் வந்து, ஒரு செவிலியரிடமோ மருத்துவரிடமோ பேசிவிட்டுப் போனவர்களும் கணிசமாகக் குடியைக் குறைத்திருந்தார்கள். மாவு ஆசையைக் குறைக்காது. கேட்கப்பட்டது குறைத்திருக்கலாம்.

எலிக்கும் மனுஷனுக்கும் நடுவே எத்தனை நல்ல மருந்துகள் விழுந்து செத்தன என்று ஒரு பட்டியலே போடலாம். குடியை நிறுத்திய பிறகு வரும் மன உளைச்சலுக்கு மூளையில் சி.ஆர்.எஃப். என்ற ஒரு பொருள் காரணம் என்று ஜார்ஜ் கூப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் காட்டினார்கள். அதைத் தடுத்தால் குடிகார எலிகள் குடியைக் குறைத்தன. ஆளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு மருந்துகளும் 2015, 2016இல் கைவிரித்தன. எலிக்குக் கந்துவட்டி கிடையாது. எலியை யாரும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டதில்லை.

அத்தைக்கு நியாயம் சொல்லும் ஓர் ஆய்வும் இருக்கிறது. 2004இல் மும்பையில் டி சூசா என்ற மருத்துவர்கள் 100 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நால்ட்ரெக்சோனும் மறு பாதிக்கு டைசல்ஃபிராமும் ஒரு வருஷம் கொடுத்தார்கள். ஆசை அதிகம் குறைந்தது நால்ட்ரெக்சோன்காரர்களுக்கு. ஆனால் குடிக்காமல் நிலைத்தவர்கள் டைசல்ஃபிராம் பக்கம் 86 சதவீதம், மறுபக்கம் 44 சதவீதம். அத்தையின் பழைய மாத்திரை ஜெயித்துவிட்டது! அத்தையைப் போன்றவர்களும்தான்: இரண்டு பக்கமும் மாத்திரையைத் தினமும் கையில் கொடுத்து விழுங்க வைத்தது வீட்டில் ஒருவர். ஒளித்து அல்ல. குடித்தால் என்ன ஆகும் என்று சாப்பிடுபவருக்குத் தெரியும், அவர் சம்மதித்திருந்தார், கொடுப்பவர் எதிரே நின்றார். அதே மாத்திரை, அதே மனைவி. மாறியது அடுப்படிக் கதவு திறந்திருந்தது மட்டும்தான்.

1996இல் மாமாவுக்கு மஞ்சள் காமாலை முற்றியிருந்தது. வயிறு வீங்கி, கால் வீங்கி, திண்ணையில் சாய்ந்து கிடந்தார். நான் மருந்து படித்தவள் என்பதால் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கொல்லையில் கறிவேப்பிலை மரம் கிணற்றுக்கு மேல் வளர்ந்து நின்றது. தெருவே வந்து கொத்துக் கொத்தாக ஒடித்துப் போகும்.

"அந்த மரம் ஏன் அப்பிடி வளந்திருக்கு தெரியுமா மருமவளே?"

"தெரியலையே மாமா."

"ஒங்க அத்த மோர்ல மருந்து போட்டா. மொதத் தடவ சாவு வரைக்கும் போயிட்டு வந்தேம்லா, அன்னைக்கே வெளங்கிட்டு. பொறகு ரெண்டு வருசம் குடுத்தா. அம்புட்டையும் கறிவேப்பிலைக்கு ஊத்துனேன்."

புளித்த மோர் ஊற்றினால் கறிவேப்பிலை தழைக்கும் என்பது ஊரறிந்தது. அத்தையும் அந்த மரத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறாள். மருந்து ஏன் கேட்கவில்லை என்று மாத்திரையை இரண்டாக்கியும் இருக்கிறாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற என் முகத்தை அவர் பார்த்திருப்பாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் வேறொன்று சொன்னார்.

"ஒரு நாளாச்சும் எங்கிட்ட நேரா கேட்டிருக்கலாம். இந்தா மாத்திர, தின்னுதியான்னு. தின்னுருப்பனோ என்னமோ. கேட்டிருக்கலாம்."

அந்த வருஷம் கார்த்திகையில் போய்விட்டார்.

இப்போது அத்தை மகன் கேட்கும் ஊசி. இதிலும் ஒரு தற்செயல் உண்டு. அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா என்றொரு நச்சுப் பல்லி. கடித்தால் விடாது, நம் ஊர் உடும்புப்பிடி மாதிரி. அதன் நஞ்சில் ஜான் எங் என்பவர் 1992இல் ஒரு பொருளைக் கண்டெடுத்தார். அதிலிருந்து 2005இல் சர்க்கரை நோய்க்கு எக்ஸனடைட் வந்தது. செமக்ளூடைட் அதே குடும்பத்துப் பின்னோடி. சர்க்கரைக்கும் எடைக்கும் ஊசி போட்டவர்களில் சிலர், "டாக்டர், எனக்குக் குடிக்கவே தோணலை" என்று தாங்களாகவே சொல்ல ஆரம்பித்தார்கள். ஆய்வகங்களில் எலிகளும் குறைவாகக் குடித்தன. டென்மார்க்கில் 127 பேருக்கு எக்ஸனடைட் கொடுத்துப் பார்த்ததில் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. உடல் பருத்தவர்களிடம் மட்டும் குறைந்தது. 2025 பிப்ரவரியில் வந்த அமெரிக்க ஆய்வில் 48 பேர், 9 வாரம், குறைந்த அளவு செமக்ளூடைட். ஆசை குறைந்தது, குடிக்கும் நாளில் குடிக்கும் அளவு குறைந்தது, குடிக்கும் நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. நம்பிக்கை தருகிற முடிவுதான். ஆனால் 48 பேர் ஓர் ஊரின் ஒரு தெரு.

இருக்கிற மருந்துகளே போய்ச் சேரவில்லை என்பது இன்னொரு பக்கம். 2019இல் வந்த நம் தேசியக் கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. அமெரிக்காவிலேயே அதே ஆண்டில் மருந்து எடுத்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மீதிப் பேருக்குப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் கடை இருக்கிறது.

இதையெல்லாம் அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். ஊசியின் விலை, இந்தச் சிகிச்சைக்கு அது இன்னும் அனுமதி பெறவில்லை என்பது, முதலில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல் என்பது. கம்ப்ரஸர் நின்றிருந்தது. அவன் பட்டறையை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

"அந்த ஆளுக்குத் தெரியாமக் குடுக்கதுக்கா கேக்க?"

"இல்ல மதினி. அவனுக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "அவந்தான் கேக்கச் சொன்னான்" என்றான்.

மேஜையில் தினசரி நாட்காட்டி இருந்தது. கிழித்துப்போட்ட பழைய தாள் ஒன்றைத் திருப்பிவைத்துக் கட்டம் போட்டேன். கை பழக்கம்.

"சரி. நேத்து எவ்வளவு?"

பதில் வர நேரமாயிற்று. லாரி ஒன்று பைபாஸில் போகும் சத்தம் கேட்டது.

"ஒரு குவார்ட்டர்" என்றான். பிறகு, "இல்ல மதினி. ஒண்ணரை."

9 என்று எழுதினேன்.

"முந்தாநாள்?"